சீர் சைக்கிள்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
4 பிப்ரவரி 2024

பிரிஸில்லாவுக்கு,

ஜாய்சனுடைய அம்மா ஞானப்பூ எழுதுவது. கர்த்தர் கிருபையால் எழுந்து நடமாடுகிறேன். முழங்காலுக்கு மட்டும் அந்தக் கிருபை எட்டவில்லை. நீயும், குழந்தை அன்னாவும், உன் வீட்டுக்காரர் நோயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

போன் செய்யலாமே என்பாய். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே எனக்குக் கோபம் வந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தப்பிருந்தால் உன் மாமாவைப் போல எண்ணிக் காட்டாதே.

விஷயம் இதுதான். எங்கள் ரயில்வே கேட்டிலிருந்து லிங்கராஜபுரம் பக்கம் வரைக்கும், பெரிய சாக்கடை ஓரமாக, சைக்கிளுக்கென்றே தனிப் பாதை போட்டிருக்கிறார்கள். கார்ப்பரேஷன் பாதையோடு நிறுத்திக்கொண்டது. அழகுக்கு ஏதாவது வைக்கக் காசு தருகிறேன் என்று சொன்ன ஒரு கம்பெனி கடைசியில் நழுவிவிட்டது. இப்போது அபார்ட்மெண்ட்காரர்கள் சங்கம் வைத்து வசூல் செய்கிறார்கள். காசில்லாத எங்கள் லைன் வீடுகளில் பழைய சைக்கிள் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பற்றவைத்து, பாதை ஆரம்பிக்கும் இடத்தில் தோரணவாயில் மாதிரி பெரிய வளைவு நிறுத்தப் போகிறார்களாம். செய்யப்போகிறவள் ரூபினி என்று ஒரு பெண். சிலை செய்கிறவள் என்றார்கள். கையில் உளியைக் காணோம், முகத்தில் வெல்டிங் மூடிதான் இருக்கிறது.

ஜாய்சன் சைக்கிள் இன்னும் முன்னறைச் சுவரில்தான் தொங்குகிறது. அதைக் கொடுக்கிறேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். பக்கத்து வீட்டு மௌரீன் இருக்கிறாளே, அவள் உடனே, "ஞானப்பூக்கா, அது உன் மருமக சீர்ல வந்த வண்டி இல்ல? ஊரான் வூட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நீ எடுத்துக் குடுக்கிறியா?" என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

ஜாய்சன் கர்த்தரிடம் போய் இரண்டு வருடம் கழித்து நீ அவன் குழந்தையோடு கிளம்பினபோது, உன் தாய்மாமா வந்து பீரோ, அண்டா, இட்லிப் பானை, கரண்டி வரைக்கும் எண்ணி எடுத்துக்கொண்டு போனார். நடுவில் இரண்டு டீ குடித்தார். மிக்ஸி மூடி ஒன்று குறைகிறது என்று தெரு கேட்கச் சொன்னார். நான் மறக்கவில்லை. சைக்கிளை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஓட்டினவன் என் மகன். ஆனால் வாங்கினவர் உன் அப்பா. அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆகையால் கேட்கிறேன். "சரி" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. மௌரீன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும்.

அன்னா இப்போது எவ்வளவு உயரம்?

இப்படிக்கு,
ஜாய்சன் அம்மா ஞானப்பூ

---

காட்பாடி
26 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

பிரிஸில்லாவின் ஸ்தோத்திரம். உங்கள் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றே நினைத்தேன். நீங்கள் நலம் என்று படித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு வார்டில் இந்த மாதம் மாற்றி மாற்றி டியூட்டி, அதனால்தான் பதில் தாமதம். முழங்காலுக்குச் சும்மா தைலம் தேய்க்காதீர்கள், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குங்கள், வலி குறையும். கீழே உட்கார்ந்து மாவரைப்பதை விடுங்கள்.

அன்னா பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறாள். உயரம் கேட்டிருந்தீர்கள். என்னைத் தாண்டிவிட்டாள். எங்கள் வீட்டில் இந்த உயரம் யாருக்கும் கிடையாது, எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

நோயல் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
பிரிஸில்லா

---

ஜீவனஹள்ளி
3 மார்ச் 2024

பிரிஸில்லாவுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. முழங்காலைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். சைக்கிளைப் பற்றி ஒரு வரி இல்லை. கேட்டது வேறு, வந்தது வேறு. அத்தை என்று எழுதியிருக்கிறாய். நான் இப்போது யாருக்கு அத்தை என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் கோடு போட்டு அடித்துவிடவில்லை, படித்துக்கொண்டேன்.

போன ஞாயிறு மறுபடி கூட்டம். சங்கத் தலைவர் சேஷகிரி பெரிய காகிதத்தை விரித்துக் காட்டினார். வளைவுக்குப் பக்கத்தில் கிரானைட் கல், அதில் செக் கொடுத்தவர்கள் பெயர்.

"சைக்கிள் குடுத்தவங்க பேரு எங்க சார்?" என்று கேட்டேன்.

"அம்மா, அது டொனேஷன் லிஸ்ட். நிம்து, உங்களுது, கபாடி சாமான் தானே, பழைய இரும்பு" என்றார்.

"உங்க செக்க வெயில்லயும் மழையிலயும் நிக்க வைங்க பாக்கலாம். நிக்கப்போறது எங்க இரும்பு. நிக்கிறவன் பேரப் போடுங்க."

லைன் வீட்டு ஜனம் அத்தனையும் கை தட்டியது. டெம்போ ஓட்டுகிற முனிராஜ் விசில் அடித்தான். அந்த ரூபினி எழுந்து, "பாட்டி சொல்றது கரெக்ட் சார், ஒவ்வொரு சைக்கிளுக்கும் சின்னதா ஒரு பித்தளைத் தகடு அடிச்சு வளைவோட கால்ல வைக்கிறேன்" என்றாள். நல்ல பெண். பாட்டி என்று கூப்பிட்டதை மன்னித்துவிட்டேன்.

ஆக, பெயர் வரும். ஜாய்சன் பெயர் ரோட்டோரத்தில் நிற்கும். கல்லறைக்குப் போய்த்தான் அவன் பெயரைப் படிக்க வேண்டும் என்பது இல்லை. உன் ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறது. மார்ச் முடிவதற்குள் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

குழந்தை நன்றாக எழுதட்டும். ஜெபம் செய்கிறேன்.

ஞானப்பூ

---

காட்பாடி
18 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, மற்றபடி நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சைக்கிளை யாருக்கும் கொடுக்க வேண்டாம். எனக்குச் சம்மதமில்லை. ஜூன் மாதம் வரைக்கும் அது அந்தச் சுவரிலேயே இருக்கட்டும். இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள், இன்னும் மூன்று மாதம் வையுங்கள். காரணம் இப்போது கேட்காதீர்கள். ரிசல்ட் வரட்டும்.

உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை.

பிரிஸில்லா

---

ஜீவனஹள்ளி
25 மார்ச் 2024

பிரிஸில்லாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

சம்மதமில்லையாம். இத்தனை வருடத்தில் அந்தச் சைக்கிள் என்ன ஆனது என்று ஒரு போஸ்ட் கார்டு போட்டிருப்பாயா? செயினுக்கு எண்ணெய் விட்டவள் நான். டயர் காய்ந்து வெடிக்காமல் காற்றடித்து வைத்தவள் நான். வெள்ளையடித்தபோது இறக்கி, துடைத்து, மறுபடி மாட்டினவள் நான். மஞ்சள் காமாலை வந்து என் பிள்ளை கிடந்தபோது, "நாளைக்கு எழுந்து ஓட்டுவேம்மா" என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தானே, அந்தப் பார்வை அதில் இருக்கிறது. உனக்கு அது உன் அப்பன் கொடுத்த சாமான். மாமா விட்டுப்போன ஒரு கணக்கு.

ஜூன் மாதம் எதற்கு? மறுபடி அந்த மாமா வந்து டீ குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகவா?

நேற்று முனிராஜ் டெம்போ வந்தது. ஏற்றி அனுப்பிவிட்டேன். உன் கடிதத்தை மடித்து மாவு டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டு, நானே ஹேண்டில் பாரைப் பிடித்து வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். தகட்டில் ஜாய்சன் பெயர் மட்டும் வரும். உன் அப்பா பெயர் வராது.

எழுத வேண்டியதை எழுதிவிட்டேன்.

ஞானப்பூ

---

ஜீவனஹள்ளி
9 ஜூன் 2024

பிரிஸில்லாவுக்கு,

இங்கே நலம், அங்கே எப்படியென்று தெரியவில்லை.

போன கடிதம் கிடைத்திருக்கும். தபால்காரரைக் கேட்டேன், உள்ளூர்க் கடிதம் மாதிரி மூன்று நாளில் போய்விடுமாம்.

ரிசல்ட் வந்துவிட்டதாகச் சபையில் பேசிக்கொண்டார்கள். அன்னா என்ன மார்க்? பாஸ் செய்திருப்பாள். ஜாய்சன் கணக்கில் கெட்டிக்காரன், தமிழில்தான் தடுமாறுவான்.

வளைவைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். கிரேன் வந்தது. ரயில்வே கேட் மூடியிருந்த நேரம், இரண்டு பக்கமும் பைக்கில் வந்தவர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். சேஷகிரி ரிப்பன் வெட்டினார். பேச்சில் கம்பெனிக்கு நன்றி சொன்னார். எந்தக் கம்பெனி? நழுவிப் போன கம்பெனி. எனக்கு எதுவும் மறக்காது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை, இறங்கி வந்ததும் சொன்னேன்.

சுவர் வெறுமையாக இருக்கிறது. சைக்கிள் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாக, அதே உருவத்தில். காலண்டர் மாட்டிப் பார்த்தேன், மறையவில்லை.

ஞானப்பூ

---

ஜீவனஹள்ளி
18 ஆகஸ்ட் 2024

பிரிஸில்லாவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுவது. பதில் இல்லை. சரி.

ஒரு விஷயம் சொல்ல வேறு ஆளில்லை, அதனால் எழுதுகிறேன். வளைவுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். சக்கரம், பெடல், ஹேண்டில் பார் எல்லாம் பிரித்துப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று சொருகி வைத்திருக்கிறாள் அந்த ரூபினி. ஜாய்சன் சைக்கிள் முழுசாக நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். போய் நின்று பார்க்கிறேன், எது அவனுடையது என்று தெரியவில்லை.

"ஏம்மா ரூபினி, என் வீட்டு வண்டி எதுடி?" என்று கேட்டேன்.

"எல்லாமே உங்க வண்டிதான் பாட்டி" என்றாள்.

"கல்யாண வீட்ல செருப்பு தொலைஞ்சா அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

சிரித்தாள். பிறகு அவளும் தேடினாள். போட்டோ வைத்துப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை. பச்சைப் பெயிண்டின் கீறல் எங்கே, சீட்டுக்கடியில் அவன் கட்டின கம்பி எங்கே என்று எனக்கு மனப்பாடம். எல்லாவற்றின் மேலும் மஞ்சள்.

தகடு மட்டும் இருக்கிறது. முழங்கால் உயரத்தில். அதைப் படிக்க எனக்குக் குனிய முடிவதில்லை. பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்துகொண்டால் எழுத்து தெரிகிறது. சாயங்காலம் போய் உட்காருகிறேன். வீட்டில் இருந்தாலும் உட்காரத்தானே போகிறேன்.

நீ சொன்னபடி காலை நீட்டி மடக்குகிறேன். கொஞ்சம் தேவலை.

ஞானப்பூ

---

ஜீவனஹள்ளி
14 அக்டோபர் 2024

பிரிஸில்லாவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு முனிராஜ் டெம்போவைக் கழுவி, சாமந்தி மாலை போட்டான். அப்புறம் லைன் வீட்டு ஜனத்தோடு வளைவுக்கு வந்து, "இதும் வண்டிதானே, நம்ம வண்டிங்கதானே, இதுக்கு யாரு பூஜை போடறது?" என்று வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டான். மஞ்சள் வளைவு முழுக்கக் குங்குமம். சேஷகிரி ஓடி வந்தார். "இது ஆர்ட்ரீ! ஆர்ட்!" என்று கத்தினார். "ஆர்ட்டுக்கும் திருஷ்டி படும் சார்" என்றான் முனிராஜ்.

நாம் பூஜை போடுகிறவர்கள் இல்லை. ஆனால் ஜாய்சன் அந்த நாளில் சைக்கிளைக் கழுவாமல் விட மாட்டான். அவன் வேலை பார்த்த பிரேசர் டவுன் பிரஸ்ஸில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பார்கள், பொரி கொடுப்பார்கள், கொண்டுவந்து உன் மடியில் கொட்டுவான். அன்னா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்னும். அன்று நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டைத் துடைத்துவிட்டு வந்தேன். முனிராஜ் என் கையிலும் பொரி கொடுத்தான். கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன். நமத்துப் போய்விட்டது.

மார்ச்சில் நான் எழுதினது கோபத்தில் எழுதினது. நீ ஜூன் வரைக்கும் என்று சொன்னாய். எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதற்காவது ஒரு வரி எழுது. சண்டையாக இருந்தாலும் பரவாயில்லை.

ஞானப்பூ

---

காட்பாடி
20 நவம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

ஸ்தோத்திரம். எல்லோரும் நலம்.

உங்கள் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஒவ்வொன்றையும் படித்தேன். எழுத உட்கார்ந்தால் என்ன எழுதிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது, அதனால் எழுதவில்லை.

நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். அன்னா பெங்களூரில்தான் படிக்க வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே பிடிவாதமாக இருந்தாள். ஜூலையிலிருந்து பிரேசர் டவுனில் ஹாஸ்டலில் இருக்கிறாள். "பாட்டி பக்கத்துலதான் இருக்காங்க, போய்ப் பாரேன்" என்று நான் எத்தனை முறை சொன்னாலும், "என்னன்னு சொல்லிப் போறதும்மா? அவங்க கூப்ட்டாங்களா?" என்பாள். அவள் கேட்பதும் நியாயம்தானே, நீங்கள் கூப்பிட்டதே இல்லை. இப்படித்தான் சொல்வாள் என்று முன்பே தெரிந்ததால், பிப்ரவரியில் உங்கள் முதல் கடிதம் வந்தபோதே எனக்கு வழி கிடைத்த மாதிரி இருந்தது. "உங்கப்பா சைக்கிள் அங்க இருக்கு, காலேஜுக்கு ஓட்ட எடுத்துக்க" என்றால் போவாள். வாசலுக்கு வந்தவளை நீங்கள் திருப்பி அனுப்ப மாட்டீர்கள். சீட் உறுதியாகாமல் உங்களிடம் சொல்லி, ஆசை காட்டி, அது நடக்காமல் போனால்? அதனால்தான் ஜூன் என்றேன்.

எனக்கு அந்த இரும்பு வேண்டியிருக்கவில்லை, அத்தை.

அவள் தோழியின் சைக்கிளில் அந்தப் பாதையில்தான் போகிறாளாம். போன மாதம் வளைவின் காலில் அப்பா பெயரைப் பார்த்திருக்கிறாள். உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன் என்று போனில் சொன்னாள். பக்கத்துப் பெஞ்சில் ஒரு பாட்டி இருந்தாராம். நீங்களாக இருக்குமோ என்று நினைத்தாளாம். கேட்கத் தைரியம் வரவில்லை, போய்விட்டாள்.

ஹாஸ்டல் விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் சொல்லி அவள் வர மாட்டாள். அழைக்க வேண்டியவர் நீங்கள்.

பிரிஸில்லா

---

ஜீவனஹள்ளி
1 டிசம்பர் 2024

பிரிஸில்லாவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்த கையோடு ஆட்டோ வைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்தில் அந்த ரூபினி பட்டறைக்குப் போனேன்.

"என் சைக்கிள அறுத்து எடுத்துக் குடு" என்றேன்.

"பாட்டி, எது உங்களுதுன்னே தெரியாதே."

"ஏதோ ஒண்ண எடுத்துக் குடு. ஒரு முழு சைக்கிளா சேத்துக் குடு. பேத்தி வந்தா காட்டணும்."

"ஒண்ண எடுத்தா மிச்சம் நிக்காது பாட்டி. அதுவும் இல்லாம, இப்ப அது கார்ப்பரேஷன் சொத்து, நானே கை வைக்க முடியாது."

கத்தினேன். அவள் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பட்டறைப் பையன்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவள் மேல் குற்றமில்லை. தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தவள் யார்?

அந்தப் பெஞ்சில் இருந்தவள் நான்தான். வேறு எந்தக் கிழவி போய் அங்கே உட்காரப் போகிறாள்?

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் பிரிஸில்லா. உன் மாமா போட்டிருந்த சட்டைக் கோடு ஞாபகம் இருக்கிறது. மிக்ஸி மூடி ஞாபகம் இருக்கிறது. ஜாய்சன் சாவுக்கு வராதவர்கள் ஒவ்வொருவர் பெயரும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அக்டோபரில் ஒரு பெண் என் கைக்கெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து என் பிள்ளை பெயரைத் தொட்டிருக்கிறாள், அது எனக்கு ஞாபகம் இல்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன். யாரோ ஷூ கயிறு கட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். முகம் வரவே மாட்டேன் என்கிறது.

இப்போது சைக்கிளில் போகிற பெண்களையெல்லாம் பார்க்கிறேன். உயரமாக ஒருத்தி வந்தால் எழுந்து நிற்கிறேன். அவர்கள் பாட்டுக்கு மணி அடித்துவிட்டுப் போகிறார்கள்.

விலாசத்துக்கு எழுதுகிறேன்.

அத்தை,
ஞானப்பூ

---

ஜீவனஹள்ளி
2 டிசம்பர் 2024

அன்னாவுக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுவது. ஹாஸ்டல் சாப்பாடு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? ராத்திரியில் பனி அதிகம், தலையை மூடிக்கொள்.

சைக்கிளை எடுக்க நீ வருவதாக இருந்தது என்று உன் அம்மா எழுதினாள். சைக்கிள் இல்லை. கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்கப் போனேன், தர மாட்டார்களாம். உன் அப்பா சாமான் என்று உன் கையில் கொடுக்க என்னிடம் இப்போது ஒன்றுமே கிடையாது. ஆகவே எடுத்துப் போக என்று வராதே. சும்மா வா.

வளைவிலிருந்து ரயில்வே கேட்டைத் தாண்டினால் கோழிக்கடை, அதை ஒட்டின சந்தில் நீலக் கதவு. சனிக்கிழமை மத்தியானம் வா. ஞாயிறு வேண்டாம், பக்கத்து வீட்டில் மௌரீன் இருப்பாள், உன்னை உட்காரவைத்து ஆயிரம் கேள்வி கேட்பாள். மீன் தின்பாயா என்று தெரியவில்லை. மீனும் செய்கிறேன், முட்டையும் வைக்கிறேன்.

வருகிறேன், வரவில்லை என்று பதில் எழுதாதே. இந்த வருடம் முழுக்க நான் தபாலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டேன். இந்த சனி முடியாவிட்டால் அடுத்த சனி. அதுவும் முடியாவிட்டால் அதற்கு அடுத்தது. கதவைத் தாழ் போட மாட்டேன்.

வந்ததும் வாசலில் நின்று உன் பெயரைச் சொல். எனக்கு முகம் தெரியாது.

ஞானப்பூ